வலைக்குப் பின்னால் நின்றவர்

நம் பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒருவர் வாக்கெடுப்பு வைத்தார். சுவிசின் ஆரா நகரில் தமிழ் வகுப்புக்குப் போன பிள்ளைகளான நமக்கு, அந்த ஒரே பருவத்தில் மூன்று காற்பந்துப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். அவர்களில் சிறந்தவர் யார் என்பது கேள்வி. அன்று நாம் கூப்பிட்ட விதத்திலேயே மூவரையும் போட்டிருந்தார்: மன்னார் மாமா, ஷ்லீரன் மாமா, கோலியின்ர அப்பா. முதல் இருவருக்கும் அவரவர் ஊர்தான் பெயர்; கோலி என்பது நான். அணியின் ஒரே பெண் பிள்ளை, பந்துக் காப்பாளர்.

ஷ்லீரன் மாமாவுக்கு ஒன்பது வாக்குகள். என் அப்பாவுக்கு ஒன்று. போட்டவர் பக்கத்தில் சிரிக்கும் முகமும் வைத்திருந்தார். மன்னார் மாமாவுக்கு ஒன்று. அதன் கீழே வந்த உரையாடலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

"கிண்ணம் கொண்டுவந்தது ஒராள்தானே. பிறகென்ன வாக்கெடுப்பு?"

"மன்னார் மாமாவுக்குப் போட்டது ஆரப்பா? பந்து பொறுக்கின நன்றிக்கோ?"

நான் வாக்களிக்கவில்லை. நமக்கு இப்போது பிள்ளைகளின் ஆசிரியர் பெயரைவிட முழங்கால் மருத்துவரின் பெயர் நன்றாகத் தெரியும் வயது. இந்த வயதில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த மூவரும் விட்டுச்சென்றவற்றில் ஒன்று உங்களில் எவருக்கும் தெரியாது. அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அப்பா இருக்கும்வரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மைதானம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், ஒரு பக்கம் சரிந்த புல்தரை. கிழக்கிலிருந்து காற்று அடித்தால் பக்கத்து ஊர்ச் சாக்லேட் தொழிற்சாலையின் வாசனை வரும். முதல் நாள் பயிற்சியில் நாம் எல்லோரும் ஓடாமல் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றோம். மன்னார் மாமா திட்டவில்லை. அவரும் நின்று முகர்ந்து பார்த்தார். "மணத்தால வயிறு நிரம்பாது. ஓடுங்கோ" என்றார்.

அவர் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அகதி வழக்கு முடியவில்லை. மனைவியும் மகளும் மடுவில் முகாமில் இருந்தார்கள். மகளுக்கு என் வயது. வழக்கு வென்றால் இருவரையும் கூப்பிடலாம். தோற்றால் அவரே திரும்ப வேண்டும். அவர் இதை ஒருமுறைதான் சொன்னார், அதுவும் நான் கேட்டதால்.

பந்துகளை உணவகத்து வெங்காயச் சாக்கில் கொண்டுவருவார். சிவப்பு நிற வலைச் சாக்கு. அதற்குள் ஐந்து பந்துகள். எந்தப் பந்தைக் கட்டிப் பிடித்தாலும் நெஞ்சில் வெங்காய மணம் ஏறும். மூலைக் கொடிகள், கிழிந்த கட்டம் போட்ட மேசைத் துணிகள். இடைவேளைக்கு உரித்த தோடம்பழமும், காகிதத்தில் சுற்றிய சீனிக்கட்டிகளும். அவர் விரல் நுனிகள் எப்போதும் நீரில் ஊறிச் சுருங்கியிருக்கும், வெள்ளையாக.

ஆடுகளத்தில் ஒன்பது பேர். நாம் பதினான்கு பேர். அவர் பதினான்கு பேரையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறக்கினார். கண்ணாடி போட்டவன், ஓடினால் மூச்சு இழுக்கிறவன், பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவன், எல்லோரும் அரை ஆட்டம். அந்த வசந்தத்தில் எட்டு ஆட்டங்கள், எட்டிலும் தோற்றோம். ஒன்றில் ஒன்பது கோல்.

அந்த ஒன்பது கோல் ஆட்டத்தில்தான் அது தொடங்கியது. நான்காவது பந்து உள்ளே போனபோது நான் திரும்பி, குனிந்து, வலைக்குள் கையை விட்டேன். எதிரணிப் பெடியன் ஒருவன் தமிழில் கத்தினான்: "பெட்டை கோலி! பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டே நில்!" நான் அழுதேன். மன்னார் மாமா கோட்டுக் கரையிலிருந்து நடந்து வந்து வலைக்குப் பின்னால் நின்றார்.

"பிள்ளை, நீ திரும்பக் கூடாது. உள்ள போன பந்து என்ர வேலை. நீ முன்னுக்குப் பார்."

அதன் பிறகு விழுந்த ஐந்து பந்துகளையும் அவர்தான் எடுத்தார். வலையின் கீழ் விளிம்பைத் தூக்கி, பந்தை எடுத்து, புல்லில் உருட்டிவிடுவார். அது என் குதிக்காலில் வந்து தட்டும். நான் அதை நடுக்கோட்டுக்கு உதைப்பேன். நான் திரும்பவேயில்லை. அடுத்த ஆட்டங்களிலும் அப்படித்தான். இடைவேளையில் பக்கம் மாறும்போது அவரும் வெங்காயச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். அங்கிருந்தே ஆள் மாற்றுவார், அங்கிருந்தே மெல்லிய குரலில் ஒரு சொல் சொல்வார்.

பெற்றோர் இதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு.

வைகாசி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் குசினியில் பெற்றோர் குழு கூடியது. அப்பாதான் செயலாளர். நான் கதவுக்கு இந்தப் பக்கம் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கோச் எண்டால் கரையில நிண்டு கத்தவேணும். இவர் கோலுக்குப் பின்னால நிண்டு பந்து பொறுக்கிறார்."

"பொறுக்கட்டும். ஒருக்கால் எண்டாலும் வெல்லவேணுமே."

"பிள்ளையள் பள்ளிக்கூடத்தில வெள்ளைப் பிள்ளையளோட தலை நிமிர்ந்து நிக்கவேண்டாமோ?"

கடைசியாகச் சொன்னதுதான் அப்பாவைத் தொட்டது என்று நினைக்கிறேன். அப்பா ஊரில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. தலை நிமிர்வது பற்றிய பேச்சு வந்தால் அவர் மறுத்துப் பேச மாட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உணவகத்தின் பின்வாசலுக்குப் போனார். ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று நெடுநாள் யோசித்தேன். பிள்ளை பக்கத்தில் நின்றால் பேச்சு வளராது என்பதற்காக இருக்கலாம். கதவு திறந்தது. நீராவியோடு மன்னார் மாமா வந்தார், முன்துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"தம்பி, பெற்றோர் கொஞ்சம் யோசிக்கினம்..." என்று அப்பா தொடங்கினார்.

"விளங்குது அண்ணை."

"உம்மில பிழை எண்டில்லை. ஷ்லீரனில ஒராள் இருக்கிறார், பயிற்சி எடுத்தவர்."

"நல்லது அண்ணை. பிள்ளையளுக்கு நல்லது." கைகளைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "நான் பின்னால நிண்டு பாக்கலாமோ?"

"அதுக்கென்ன தம்பி. அங்க ஆரும் நிக்கலாம்."

திரும்பி வரும் வழியில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். நான் கேட்கவில்லை.

ஷ்லீரன் மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்ல பயிற்சியாளர். துப்புரவு நிறுவனத்தில் பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பாக இருந்தவர். வெள்ளை வான் வண்டியில் வருவார். பின்கதவைத் திறந்தால் கூம்புகள், மஞ்சள் மேலாடைகள், காற்றுப் பம்பு, எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும்; தரை கழுவும் மருந்தின் எலுமிச்சை மணம் வரும். பந்தை வாங்குமுன் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும் என்பதை நமக்குச் சொன்னவர் அவர்தான். இன்றும் வீதியைக் கடக்கும்போது நான் அப்படிப் பார்க்கிறேன்.

ஆனால் வந்த இரண்டாம் சனிக்கிழமை அவர் நம்மை வரிசையில் நிறுத்தி, ஐந்து பேரை ஒரு பக்கம் விலகச் சொன்னார். "நீங்கள் தண்ணி குடுங்கோ. அதுவும் வேலைதான்." கண்ணாடி போட்டவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். கழற்றினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம். அவன் இந்தக் குழுவில் இல்லை. நாம் யாரும் அவனைச் சேர்க்கவும் இல்லை.

என்னையும் விலக்கத்தான் நினைத்தார். "பெட்டையை வைச்சுக்கொண்டு எப்பிடி?" என்றார் அப்பாவிடம். ஆனால் கோலில் நிற்க வேறு ஒருவனும் முன்வரவில்லை. அடி விழும் இடம் அது. ஆகவே நின்றேன்.

வெல்லத் தொடங்கினோம். மூன்று, நான்கு, ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து. விழுந்த ஒன்றிரண்டு கோல்களை அப்போதும் மன்னார் மாமாதான் எடுத்து உருட்டினார். வேலை இல்லாத நேரம் வந்து, அதே இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சாக்கு இப்போது அவரிடம்தான் இருந்தது. புதியவர் புதுப் பந்துகள் கொண்டுவந்திருந்தார். பெரிய பெடியன்கள் அவருக்குப் பந்து பொறுக்கி என்று பட்டம் வைத்தார்கள். அவர் காதுபடவும் சொன்னார்கள். நானும் ஒரு தடவை சிரித்தேன்.

இனி, எங்கள் வீட்டுக்கு வந்த மஞ்சள் தபால் துண்டு.

மன்னார் மாமா இருந்த பழைய வீட்டில் ஒன்பது பேர். தபால்பெட்டி ஒன்று. கடிதங்கள் அடிக்கடி காணாமல் போகும். ஆகவே வசந்தத்திலேயே அவர் தன் வழக்குக் கடிதங்களுக்கு எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார். "அண்ணையின்ர வீடெண்டால் பயமில்லை" என்றார். தபால்பெட்டித் திறப்பு என் கழுத்தில் தொங்கியது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே? ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தது நாம்தான். வாடகைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், பல் வைத்தியர், எல்லாவற்றையும் முதலில் வாசித்தது நாம்தான்.

கோடைச் சுற்றுப்போட்டிக்கு முந்தைய திங்கட்கிழமை பெட்டியில், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் மஞ்சள் துண்டு கிடந்தது. பதிவுத் தபால். பெறுபவர் மன்னார் மாமா. அனுப்பியது பேர்ணில் உள்ள அகதிகள் அலுவலகம். அடுத்த திங்கள் மாலைவரை தபால் நிலையத்தில் வைத்திருப்பார்கள்.

மேலே குசினியில் ஷ்லீரன் மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றுப்போட்டிக்கு யார் யார் காரில் எந்தப் பிள்ளைகள் என்று அப்பாவோடு எழுதிக்கொண்டிருந்தார். நான் துண்டை மேசையில் வைத்து வாசித்துச் சொன்னேன்.

"குடுத்துவிடுங்கோ. அவற்ர கடிதம்" என்றார் அம்மா.

ஷ்லீரன் மாமா அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரெஜிஸ்டரில வந்தால் முடிவுதான். அதுவும் கூடாத முடிவு. எடுக்கக் கூடாது அண்ணை."

"எடுக்காட்டி?"

"கையெழுத்து வைச்சால்தான் கிடைச்ச கணக்கு. வைக்காட்டி கடிதம் திரும்பிப் போகும். அவங்கள் முதலிலயிருந்து தொடங்கவேணும். என்ர மச்சானுக்கு மூண்டு தரம் வந்தது. ஒண்டையும் எடுக்கேல்லை. இண்டைக்கும் என்னோடதான் வேலை செய்யிறான், நல்லாச் சாப்பிடுறான், தொப்பையும் வைச்சிட்டான்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"சரி, அதை அவரிட்டச் சொல்லுங்கோவன். அவரே எடுக்காமல் விடட்டும்."

"அவனிட்டச் சொன்னால் அடுத்த நிமிசம் போஸ்ட் ஒபிசில நிப்பான்" என்றார் அப்பா. "அவனுக்குப் பொய் வராது. நாளைக்கு விசாரணையில தெரியுமோ எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவான். தெரியாமல் இருக்கிறதுதான் அவனுக்குப் பாதுகாப்பு."

அந்த நாட்களில் இந்த நம்பிக்கை நம் ஆட்களிடம் பரவலாக இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். எடுக்காத கடிதம் வராத கடிதம். சட்டம் நேர்மாறானது. அந்த ஏழு நாட்கள் முடிந்ததும் கடிதம் கையில் கொடுத்ததாகவே கணக்கு. மேல்முறையீட்டுக்கான நாட்கள் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும், யாருக்கும் தெரியாமலே. இதை நான் பத்திரிகை வேலைக்குப் போன பிறகு, வேறொருவரின் வழக்கைப் பற்றி எழுதும்போது, ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு அறிந்தேன். குறிப்பேட்டில் எழுதிய பிறகு அன்று மேலே ஒன்றும் எழுத முடியவில்லை.

அப்பா அவருக்கு நன்மை செய்யத்தான் நினைத்தார். பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நிறுத்தியதற்கு ஈடாக எதையாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அந்த ஞாயிறு சுற்றுப்போட்டி குழம்பக் கூடாது என்பதும் இருந்திருக்கலாம். இரண்டையும் எழுதுகிறேன், எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"பிள்ளை, நீ ஒண்டும் காணேல்லை, சரியோ? அதைக் கிழிச்சுப் போடு."

நான் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, காலுறைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் காப்பின் உட்புறம் செருகினேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார், கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சுற்றுப்போட்டி லுசேர்ணுக்குப் பக்கத்து மைதானத்தில். மலை மிக அருகில் நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு, கொத்துரொட்டிக் கல்லின் சத்தம், புல்லில் விரித்த பாய்களில் குடும்பங்கள். நாம் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். மன்னார் மாமா ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்து, ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் வலைக்குப் பின்னால் வந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு சீனிக்கட்டியை எடுத்து வலைக் கண்ணுக்குள்ளால் நீட்டினார்.

"இடப்பக்கம் விழேக்க நீ உடம்பை முதல் போடுறாய். கையை முதல் விடு. உடம்பு தானாய் வரும்."

"ஓம் மாமா."

"பிள்ளை, உங்கட வீட்டுக்கு எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

அப்பா கோட்டுக் கரையில் நின்றார். இருபது மீற்றர் இருக்கும். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டிருக்க முடியாது. ஆகவே அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்று எழுத முடியாது.

"இல்லை, மாமா."

"ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப நல்லது. கடிதம் வரேல்லை எண்டால் இன்னும் பார்க்கினம் எண்டுதான் அர்த்தம்." அவர் சிரித்தார். "மகளுக்கும் அப்பிடித்தான் எழுதினனான்."

நடுவர் ஊதினார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஆண்டுதோறும் பேசுகிறீர்கள். இரண்டுக்கு ஒன்று. நம் மேல் விழுந்த ஒரு கோலை அவர் எடுத்து உருட்டினார். கடைசி நிமிடத்தில் இடப்பக்க மூலைக்கு வந்த பந்தை நான் தடுத்தேன். குழுவின் முகப்புப் படமாக இருப்பதும் அதுதான், மங்கலாக, புல்லில் நீண்டு கிடக்கும் ஒரு பெண் பிள்ளை. கை முதலில் போனது. உடம்பு தானாக வந்தது. தரையில் மோதியபோது காப்புக்குள் காகிதம் கசங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஷ்லீரன் மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். கிண்ணம் கைக்குக் கை போனது. நான் திரும்பிப் பார்த்தபோது வலைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இரவு வேலைக்கு ரயில் பிடித்துவிட்டார்.

மறுநாள் திங்கள், கடைசி நாள். பள்ளிக்கூடம் விட்டதும் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் துண்டை விரித்துத் தடவி நேராக்கினாள். வியர்வையில் மை ஊறியிருந்தது. அவருடைய அவுஸ்வைஸ் வேண்டும், அடையாள அட்டை, அல்லது அவர் கையெழுத்திட்ட அனுமதி, என்றாள். ஆறு மணிவரை திறந்திருக்கும் என்றாள். உணவகத்துக்கு ஓடினேன். பின்கதவு பூட்டியிருந்தது. முன்கதவில் பலகை: திங்கள் ஓய்வு. அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் குளிக்கப் போயிருக்கிறார், ஆற்றுக்கு, என்றார் அங்கிருந்தவர். ஆற்றங்கரையில் ஒரு கிலோமீற்றர் ஓடினேன். பிறகு நகரக் கோபுரத்தில் ஆறு மணி அடித்தது.

இதை உங்களுக்குச் சொல்வது, முயன்றேன் என்று காட்டுவதற்கல்ல. செவ்வாய்க்கிழமை உணவகம் திறந்தது. நான் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தால்கூட முறையிட நாட்கள் இருந்தன. அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். போனால் அதை முதலில் சொல்ல வேண்டும். அப்பா சொன்னது சரி என்று நம்புவது சுலபமாக இருந்தது. அப்பாவும் மகிழ்ச்சியாக இருந்தார். "திரும்பிப் போட்டுது. இனி ஒரு வருசம் மூச்சு விடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆவணி முடிவில் ஷ்லீரன் மாமா போய்விட்டார். தன் ஊரில் புதிய அணி தொடங்கி, நம்மில் சிறந்த நால்வரையும் கூட்டிக்கொண்டு போனார். கிண்ணத்தை விட்டுப் போனார். பெற்றோர் குழுவில் பயிற்சியாளராக ஒருவரும் வர மறுத்ததால் அப்பா வந்தார். அப்பாவுக்குக் காற்பந்தில் பந்து உருண்டை என்பது மட்டும் தெரியும். ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் அது கீச்சிடும். தண்ணீர் கொடுத்த ஐந்து பேரும் மீண்டும் ஆடினார்கள். அப்பா நல்லவர் என்பதற்காக அல்ல, எண்ணிக்கை போதவில்லை.

புரட்டாசியில் ஒரு பின்னேரம் மன்னார் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய வீட்டுப் பெட்டிக்கு, சாதாரணத் தபாலில், ஒரு கடிதம் வந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைத்தார். அம்மா தேநீர் வைத்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கால் வாசி. இதில திகதி ஒண்டு கிடக்கு, அதுதான் விளங்கேல்லை."

நான் வாசித்தேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அதுதான் என் வேலை.

"உங்கட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முடிவு பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. அது எடுக்கப்படேல்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சுது. ஆரும் முறையிடேல்லை. இந்தத் திகதிக்கு முதல் நீங்கள் சுவிசை விட்டுப் போகவேணும்."

"எங்க அனுப்பினவையாம்?"

அந்த வரியை நான் விட்டிருந்தேன். அது தாளில் இருந்தது.

"எங்கட முகவரிக்கு" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேசையைப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் தம்பி..." என்றார் அப்பா. "கையெழுத்து வைக்காட்டி... எல்லாரும் சொன்னவை..."

மன்னார் மாமாவின் முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. கோபம் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவரைப் போல இருந்தார்.

"நான் பிள்ளையிட்டக் கேட்டனான்" என்றார்.

அவ்வளவுதான். தேநீரை முழுவதும் குடித்தார். கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அம்மா தடுக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் அப்பா அவரைத் தேவாலயத்தின் ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். காலம் கடந்துவிட்டது என்றார்கள். மூன்று தடவை போனார்கள். மூன்றாம் தடவை அப்பா தன் பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதற்கு இடமில்லை என்றார்கள்.

குறித்த திகதிக்கு நான்கு நாள் முன்பு எங்கள் கதவில் வெங்காயச் சாக்கு தொங்கியது. உள்ளே ஐந்து பந்துகள், காற்று நிரப்பி. குறிப்பு எதுவும் இல்லை. அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது என்று அந்த வீட்டில் சொன்னார்கள். பிறகு பாரிஸில் கண்டதாக ஒருவர் சொன்னார். கொழும்பு விமான நிலையத்தில் பிடிபட்டதாக இன்னொருவர். இத்தாலி என்று மூன்றாமவர். நான் பல ஆண்டுகள் தேடினேன். மூன்றில் ஒன்றையும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. மடுவிலிருந்த மகளுக்கு இப்போது என் வயது என்பது மட்டும் உறுதி.

சாக்கை எங்கோ தொலைத்துவிட்டோம். கிண்ணம் நம்மில் ஒருவரின் வாகனக் கொட்டகையில் இருக்கிறது, ஒரு காது உடைந்து.

அப்பாவைப் பற்றி ஒன்று. அதன் பிறகு எங்கள் பெட்டியில் மஞ்சள் துண்டு விழுந்தால், அது பக்கத்து வீட்டுக்குரியதாக இருந்தாலும், அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போவார். தபால் நிலையம் திறக்குமுன் வாசலில் நிற்பார். நீங்கள்கூட அவரைக் கேலி செய்திருக்கிறீர்கள். கடைசிவரை அவர் எதையும் என்னிடம் பேசவில்லை. நானும் துண்டைக் கிழிக்காததை அவரிடம் சொல்லவில்லை.

இனி உங்கள் வாக்கெடுப்பு. ஷ்லீரன் மாமா ஒரு கிண்ணத்தையும் ஓர் ஆலோசனையையும் விட்டுப் போனார். அப்பா ஒரு பழக்கத்தை. மன்னார் மாமா விட்டுப் போனதை நான் அறிந்தது அந்த ஐப்பசியில், அவர் போன அடுத்த சனிக்கிழமை.

குளிர் தொடங்கியிருந்தது. ஆற்றிலிருந்து பனிமூட்டம் மைதானத்தின் பாதிவரை ஏறியிருந்தது. காற்று கிழக்கு, சாக்லேட் மணம். அப்பா கரையில் ஊதுகுழலோடு நின்றார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பந்து எனக்கு இடப்பக்கமாக உள்ளே போனது. நான் எழுந்து, முழங்காலைத் தட்டி, முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிரணி கொண்டாடி முடித்துத் தன் பாதிக்குத் திரும்பியது. நம் ஆட்கள் நடுக்கோட்டில் காத்திருந்தார்கள். நடுவர் கைகளை விரித்தார்.

"ஹொப், பந்து! கெதியாய்!" என்றார்.

நான் அசையவில்லை. குதிக்காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, எப்போதும் போல, காத்திருந்தேன்.

கரையிலிருந்து அப்பா கத்தினார்: "பிள்ளை, பந்தை எடு! பின்னால கிடக்கு!"

பிறகு நான் திரும்பினேன்.